எவ்வளவுக்கு? சத்து, உடல்நலச் சொற்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உணவு ஆலோசனைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு பிளாஸ்டிக் கவரோடுதான் வருவார்கள். உள்ளே ரத்தப் பரிசோதனை அறிக்கை, பழைய மருந்துச் சீட்டு, சில சமயம் கடையில் வாங்கிய சத்துமாவின் அட்டையும் இருக்கும். "இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் சொல்லுங்க" என்றுதான் பேச்சு தொடங்கும். அப்படி அடிக்கடி கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். சொல்லுக்குப் பொருள் தெரிந்தால் பாதிக் கிணறுதான். அந்த எண் எவ்வளவுக்கு, எந்த நேரத்தில் எடுத்தது, யாரோடு ஒப்பிட்டது என்று கேட்டால்தான் மீதிப் பாதி. மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் மருத்துவர் வேலை. அதற்குள் நான் போகவில்லை.

கலோரி, கிலோகலோரி இரண்டும் ஒன்றா?

பேச்சு வழக்கில் ஒன்றுதான். ஒரு கிலோ தண்ணீரின் சூட்டை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவைப்படும் ஆற்றல் ஒரு கிலோகலோரி. உணவைப் பற்றிப் பேசும்போது "கலோரி" என்று எல்லோரும் சொல்வது இந்தக் கிலோகலோரியைத்தான். வெளிநாட்டுப் பாக்கெட்டில் கிலோஜூல் என்று போட்டிருந்தால் 4.2 ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

மனதில் வைக்க வேண்டியது ஒரு சின்ன வாய்ப்பாடு: மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4, புரதம் 4, கொழுப்பு 9, மது 7. இது தெரிந்தால் வீட்டிலேயே கணக்குப் போடலாம். ஒரு தேக்கரண்டி எண்ணெய் சுமார் 5 கிராம், அதாவது 45 கலோரி. தோசை முறுகலாக வர வேண்டும் என்று சுற்றிலும் இரண்டு தேக்கரண்டி விட்டால் 90 கலோரி கூடிவிட்டது. மாவு அதேதான், கல்லும் அதேதான். "நான் ரெண்டே ரெண்டு தோசைதான் சாப்பிடுறேன்" என்கிறவர்களிடம் நான் தோசையை எண்ணுவதில்லை, எண்ணெய்ப் பாட்டில் மாதத்துக்கு எத்தனை என்று கேட்பேன்.

பாக்கெட்டில் "ஒரு பரிமாறலுக்கு" என்று போட்டிருக்கிறதே, அது யார் அளவு?

தயாரிப்பாளர் வைத்த அளவு. 150 கிராம் மிக்சர் பாக்கெட்டில் ஒரு பரிமாறல் 30 கிராம், 160 கலோரி என்று இருந்தால் பார்க்கக் குறைவாகத்தான் தெரியும். ஆனால் மழை பெய்கிற சாயங்காலத்தில் 30 கிராமோடு பாக்கெட்டைக் கட்டி வைத்தவரை நான் பார்த்ததில்லை. முழுப் பாக்கெட் 800 கலோரி. அதனால் இரண்டு பொருளை ஒப்பிடும்போது 100 கிராமுக்கு என்ற வரிசையை மட்டும் பாருங்கள். அப்புறம் சேர்மானப் பட்டியல்: எடையில் அதிகமானதுதான் முதலில் வர வேண்டும் என்பது சட்டம். "ராகி பிஸ்கெட்" பட்டியலில் முதலில் கோதுமை மாவோ மைதாவோ இருந்து, அடுத்து சர்க்கரையும் எண்ணெயும் வந்து, அதற்குப் பிறகுதான் ராகி தலைகாட்டுகிறது என்றால் அது பெயரளவில்தான் ராகி.

பி.எம்.ஐ. என்றால் என்ன? எனக்கு 24 வருகிறது, நார்மல் என்கிறது கைப்பேசி. சரிதானா?

கிலோவில் எடை, அதை மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது பி.எம்.ஐ. 70 கிலோ எடையும் 165 சென்டிமீட்டர் உயரமும் உள்ளவருக்கு 25.7. பெல்ஜியத்தைச் சேர்ந்த புள்ளியியலாளர் அடால்ஃப் கெத்தலே 19ஆம் நூற்றாண்டில் மக்கள் கூட்டத்தின் சராசரியை ஆராயும்போது கண்டுபிடித்த விகிதம் இது. பி.எம்.ஐ. என்ற பெயர் 1972இல்தான் வந்தது. கூட்டத்தை அளக்கச் செய்ததை ஒரு ஆளை அளக்க எடுத்துக்கொண்டோம், அதில்தான் கோளாறு.

2004இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டன் மருத்துவர் ஜான் யுட்கின் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றேதான், 22.3. உடல் கொழுப்பை அளந்தால் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்! நம் உடம்பு ஒல்லியாகத் தெரிந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பைச் சேர்த்து வைக்கிற வாகு உள்ளது. அதனால்தான் உலக அளவில் 25க்கு மேல் அதிக எடை, 30க்கு மேல் உடல் பருமன் என்று இருக்க, இந்தியர்களுக்கு 23, 25 என்று கோட்டைக் கீழே இறக்கியிருக்கிறார்கள். உங்கள் 24, இந்தக் கணக்கில் நார்மல் இல்லை. கைப்பேசிக்கு நீங்கள் எந்த ஊர் என்று தெரியாது.

அப்படியானால் எதை அளப்பது?

இடுப்பைச் சுற்றி ஒரு தையல் டேப். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்ட நிலையில். ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பேண்ட் சைஸை வைத்துச் சொல்லாதீர்கள். பாதிப் பேர் தொப்பைக்குக் கீழேதான் பேண்ட் போடுகிறார்கள்.

எச்பிஏ1சி என்பது என்ன சர்க்கரை? ஃபாஸ்டிங் நன்றாக இருந்தும் இது கூடுதலாக வருவது எப்படி?

ஒரு பெரியவர், எழுபதை நெருங்குகிறவர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார். பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பிருந்தே காப்பியில் சர்க்கரை கிடையாது, ராத்திரி வெறும் மோர்தான். வெறும் வயிற்றுச் சர்க்கரை 118 வந்தது. பக்கத்து வரியில் எச்பிஏ1சி 8.4. "நேத்து ராத்திரியிலேர்ந்து பச்சத் தண்ணி பல்லுல படலைம்மா, அப்புறம் எப்படி இது ஏறும்?" என்று என்னிடம் சண்டை. "ஐயா, இது நேத்து ராத்திரிக் கணக்கு இல்லை, தீபாவளியிலேர்ந்து உள்ள கணக்கு" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப இதை ஏமாத்த முடியாதுங்கறீங்க" என்றார்.

விஷயம் அதுதான். ரத்தச் சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில், ரத்தத்தில் ஓடும் குளுக்கோஸ் ஒட்டிக்கொள்ளும். சர்க்கரை அதிகமாக ஓடினால் அதிகமாக ஒட்டும். ஒட்டியது லேசில் விலகாது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். ஆகவே எத்தனை சதவீத ஹீமோகுளோபினில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் கடந்த இரண்டு மூன்று மாதத்தின் சராசரி தெரிந்துவிடும். 5.7க்குக் கீழே இயல்பு, 5.7 முதல் 6.4 வரை நீரிழிவின் வாசல்படி, 6.5, அதற்கு மேல் நீரிழிவு. அந்தப் பெரியவரின் 8.4ஐ சராசரிச் சர்க்கரையாக மாற்றினால் 194 வரும். 118 என்பது ஒரு காலைப் பொழுது. மீதி நேரமெல்லாம் எங்கே இருந்தது என்பதை இது சொல்கிறது.

இதற்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. சிவப்பணுவின் ஆயுளை வைத்துப் போடும் கணக்கு என்பதால், அந்த ஆயுள் மாறினால் கணக்கும் தப்பும். இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகையில் எச்பிஏ1சி கூடுதலாகக் காட்டலாம். அண்மையில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கும், சிவப்பணு சீக்கிரம் உடைகிற நோய் உள்ளவர்களுக்கும் நம்ப முடியாத எண் வரலாம். ரத்தசோகை இருந்தால் மருத்துவரிடம் அதையும் சேர்த்துக் காட்டுங்கள்.

கிளைசெமிக் இண்டெக்ஸ் பார்த்துச் சாப்பிடலாமா? தர்ப்பூசணி கூடாது என்கிறார்களே.

ஒரு உணவிலுள்ள மாவுச்சத்து ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக, எவ்வளவு உயரத்துக்கு ஏற்றுகிறது என்பதன் தரவரிசை அது. டொரண்டோவில் டேவிட் ஜென்கின்ஸும் கூட்டாளிகளும் 1981இல் கொண்டுவந்தார்கள். குளுக்கோஸ் 100 என்று வைத்து மற்றவற்றை ஒப்பிடுவது. 55 வரை குறைவு, 70க்கு மேல் அதிகம்.

ஆனால் இந்த எண் அளவைச் சொல்வதில்லை. தர்ப்பூசணிக்கு 70ஐத் தாண்டி வருவது உண்மைதான். அதே சமயம் 100 கிராம் தர்ப்பூசணியில் மாவுச்சத்து 8 கிராம்கூட இல்லை. மீதி பெரும்பாலும் தண்ணீர். அதனால்தான் கிளைசெமிக் லோட் என்று இன்னொன்று வைத்தார்கள். இண்டெக்ஸை மாவுச்சத்தின் கிராமால் பெருக்கி 100 ஆல் வகுப்பது. ஒரு கீற்றுத் தர்ப்பூசணிக்கு அது 6 பக்கம் வரும். வெள்ளைச் சோற்றின் இண்டெக்ஸ் 70 என்று வைத்துக்கொண்டு, 300 கிராம் சோற்றுக்குப் போட்டால் 60 பக்கம் வரும். பழத்தைத் தள்ளிவிட்டுச் சோற்றை மறுமுறை வாங்கிப் போட்டுக்கொள்வது எந்தக் கணக்கில் சேர்த்தி என்று தெரியவில்லை.

நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் இவையெல்லாம் சர்க்கரைக் கணக்கில் வராதுதானே?

வரும். எல்லாமே வரும். கருப்பட்டியிலும் வெல்லத்திலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். கொஞ்சம் தாதுக்கள் உண்டு, மணம் உண்டு, கருப்பட்டிக் காப்பியின் ருசிக்கு நானும் அடிமை. ஆனால் இரும்புச்சத்துக்காகக் கருப்பட்டி சாப்பிடுவது என்றால் முருங்கைக்கீரை கோபித்துக்கொள்ளும்.

உலக சுகாதார நிறுவனம் "கட்டற்ற சர்க்கரை" என்று சொல்வதில் நாம் சேர்க்கும் சர்க்கரை, தேன், பழச்சாறு மூன்றும் அடக்கம். முழுப் பழம் அடக்கமில்லை. மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள் அது இருக்க வேண்டும். 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு 50 கிராம். பாதியாக்கினால் இன்னும் நல்லது. ஒரு நாளைக்கு ஐந்து டீ, டீக்கு இரண்டு ஸ்பூன், ஸ்பூனுக்கு 5 கிராம். கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது, இன்னும் இனிப்பு எதையும் தொடவில்லை.

"சுகர் ஃப்ரீ", "சர்க்கரை சேர்க்கப்படவில்லை" இரண்டும் ஒன்றா?

இல்லை. முதலாவது, 100 கிராமில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக்கூடாது. இரண்டாவது, தயாரிக்கும்போது சர்க்கரையைப் போடவில்லை, அவ்வளவுதான். பேரீச்சம்பழத்திலோ பாலிலோ இருக்கும் சர்க்கரை அப்படியே இருக்கும். இரண்டிலும் மைதா தாராளமாக இருக்கலாம். மால்ட்டோடெக்ஸ்ட்ரின் (மாவுப்பொருளை உடைத்துச் செய்யும் பொடி) என்று சேர்மானத்தில் பார்த்தால் கவனியுங்கள். சத்துப் பட்டியலில் சர்க்கரை வரிசையில் அது வராது, ரத்தத்தில் சர்க்கரையாகத்தான் ஏறும்.

அப்படியே இன்னொன்று: "ஹெல்த் டிரிங்க்" என்று நம் உணவுச் சட்டத்தில் ஒரு வகையே கிடையாது. 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகமே இணைய விற்பனைத் தளங்களுக்கு எழுதி, பானங்களை அந்தத் தலைப்பின் கீழ் வைக்க வேண்டாம் என்றது.

கடலை எண்ணெய் டின்னில் "கொலஸ்ட்ரால் ஃப்ரீ" என்று போட்டிருக்கிறதே, அது நல்லதா?

எந்தச் செடியிலிருந்து எடுத்த எண்ணெயிலும் சொல்லும்படி கொலஸ்ட்ரால் இருக்காது. அது விலங்குகளின் உடம்பில் உண்டாகிற பொருள். "எங்கள் வாழைப்பழத்தில் எலும்பு இல்லை" என்பது மாதிரியான விளம்பரம். தேங்காய் எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் இல்லை, ஆனால் அதன் கொழுப்பில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. ரத்தத்தில் எல்டிஎல்லை, அதாவது "கெட்ட கொலஸ்ட்ரால்" என்று சொல்வதை, கூட்டுவது உணவிலுள்ள கொலஸ்ட்ராலைவிட அந்த நிறைவுற்ற கொழுப்புதான். நம் ரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியைக் கல்லீரலே தயாரிக்கிறது. செக்கில் ஆட்டியதா, ரீஃபைண்டா என்ற சண்டைக்கு முன்னால், வீட்டில் தலைக்கு எவ்வளவு எண்ணெய் என்று பாருங்கள்.

எல்டிஎல், எச்டிஎல், டிரைகிளிசரைடு இதில் எதைப் பார்ப்பது?

கொழுப்பு தண்ணீரில் கரையாது, ரத்தமோ பெரும்பாலும் தண்ணீர். ஆகவே புரத உறை போட்ட சிறு உருண்டைகளில் அது பயணம் செய்கிறது. எல்டிஎல் உருண்டை ரத்தக்குழாய்ச் சுவரில் போய்ப் படியக்கூடியது. எச்டிஎல் மிச்சத்தைத் திரட்டிக் கல்லீரலுக்குக் கொண்டுவருவது. டிரைகிளிசரைடு என்பது கொலஸ்ட்ராலே அல்ல, உடம்பு சேமித்து வைக்கும் கொழுப்பு.

நம் ஊர் அறிக்கைகளில் நான் அடிக்கடி பார்ப்பது இப்படி: மொத்தக் கொலஸ்ட்ரால் 190, "200க்குள்ளதானே இருக்கு" என்று நிம்மதி. எச்டிஎல் 35, டிரைகிளிசரைடு 200. ஆணுக்கு எச்டிஎல் 40க்கு மேலும் பெண்ணுக்கு 50க்கு மேலும் டிரைகிளிசரைடு 150க்குக் கீழும் இருக்க வேண்டும். ஆக மொத்த எண் நல்ல பிள்ளையாக இருக்க, உள்ளே இரண்டு பேர் கெட்டுப்போயிருக்கிறார்கள். இவர்கள் "நான் நெய்யே தொடுறதில்லை, கறி கிடையாது" என்பார்கள். உண்மையாகத்தான் இருக்கும். டிரைகிளிசரைடை ஏற்றுவதில் சோறும் இனிப்பும் மதுவும் நெய்க்குச் சளைத்தவை அல்ல. உடம்பு தேவைக்கு மேல் வரும் மாவுச்சத்தைக் கொழுப்பாக மாற்றித்தான் வைக்கிறது.

இன்னொரு சின்ன விஷயம். பல ஆய்வகங்களில் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை. மொத்தத்திலிருந்து எச்டிஎல்லையும் டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துப் போடுவார்கள். மேலே சொன்னவருக்கு 190 கழித்தல் 35 கழித்தல் 40, ஆக 115. டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் இந்தக் கழித்தல் கணக்கு செல்லாது.

டிரான்ஸ் கொழுப்பு?

திரவ எண்ணெயில் ஹைட்ரஜனை ஏற்றி வனஸ்பதி மாதிரிக் கெட்டியாக்கும்போது உண்டாவது. எல்டிஎல்லைக் கூட்டி எச்டிஎல்லைக் குறைக்கும். நல்ல பக்கம் என்று ஒன்றும் இல்லை. இந்தியாவில் 2022 ஜனவரி 1 முதல் எண்ணெய், கொழுப்புகளில் 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. காய்ந்த எண்ணெயையே திரும்பத் திரும்பச் சுட வைப்பது தனிப் பிரச்சினை. அதற்கும் சட்டத்தில் வரம்பு உண்டு. பஜ்ஜிக் கடை வாணலியில் நுரை அடங்காமல், கறுத்துப் பிசுபிசுத்து இருந்தால் அன்றைக்கு டீயோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு புரதம்? சாம்பார் தினமும் வைக்கிறோமே, போதாதா?

ஆரோக்கியமான பெரியவருக்கு எடையில் கிலோவுக்கு சுமார் 0.8 கிராம். 60 கிலோ என்றால் ஏறக்குறைய 50 கிராம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு, அவர்கள் மருத்துவர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

சரி, சாம்பாருக்கு வருவோம். நான்கு பேர் உள்ள வீட்டில் அரை ஆழாக்கு துவரம்பருப்பு போடுகிறார்கள் என்று வையுங்கள், சுமார் 70 கிராம். துவரம்பருப்பில் 100 கிராமுக்கு 22 கிராம் புரதம். ஆக குக்கரில் இருப்பது 15 கிராம். நான்கு தட்டுக்குப் பிரித்தால் தலைக்கு 4 கிராம்கூட இல்லை. ஒரு முட்டையில் 6 கிராம். குழம்பு என்னவோ சட்டி நிறைய இருக்கிறது; அதில் பெரும்பாலும் புளித் தண்ணீரும் முருங்கைக்காயும். ருசியில் குறையில்லை, புரதத்தில் குறை.

பருப்பை இரண்டு மடங்காக்கிக் கெட்டிப் பருப்பாகத் தனியே ஒரு கரண்டி வையுங்கள். சாயங்கால முறுக்குக்குப் பதில் ஒரு கிண்ணம் சுண்டல். 40 கிராம் உலர்ந்த கொண்டைக்கடலையில் 8 கிராம் வரும். சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு துண்டு மீன். இதெல்லாம் செய்த பிறகும் போதவில்லை என்றால்தான் பவுடர் டப்பா பற்றிப் பேச வேண்டும்.

"முழுமையான புரதம்" அசைவத்தில் மட்டும்தானா?

நம் உடம்பால் தயாரிக்க முடியாத ஒன்பது அமினோ அமிலங்களும் தேவையான அளவில் இருந்தால் அதை அப்படிச் சொல்வார்கள். அரிசியில் லைசின் குறைவு. பருப்பு வகையில் மெத்தியோனின் குறைவு. அரிசியும் உளுந்தும் சேர்ந்த இட்லியில், பாசிப்பருப்பு போட்ட பொங்கலில், ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டுகிறது. ஒரே வேளையில்தான் சேர வேண்டும் என்பதும் இல்லை, ஒரே நாளுக்குள் சேர்ந்தால் போதும்.

நார்ச்சத்து என்றால் வாழைத்தண்டு மட்டும்தானா?

செரிக்காமல் பெருங்குடல் வரை போகிற எல்லாமே நார்ச்சத்துதான். அவரை, கொத்தவரை, தோலோடு உள்ள பயறு, கீரை, கொய்யா எல்லாவற்றிலும் உண்டு. கரையும் நார் குழகுழப்பாகிச் சர்க்கரை ஏறும் வேகத்தைக் குறைக்கும். ஊறவைத்த வெந்தயத்தைத் தொட்டுப் பார்த்தால் புரியும். கரையாத நார் மலத்தை இளக்கும். ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் வரை வேண்டும். திடீரென்று கூட்டினால் வயிறு உப்பும். மெதுவாகக் கூட்டுங்கள், தண்ணீரையும் சேர்த்துக் கூட்டுங்கள்.

புழுங்கலரிசியில் வைட்டமின் அதிகம் என்பது பாட்டி சொல்வதா, மருத்துவம் சொல்வதா?

இரண்டு பேரும் சொல்வது. இந்தக் கேள்வி எனக்குப் பிடித்தமானது, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஜாவா தீவில் 1890களில் கிறிஸ்டியான் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். கால் செயலிழந்து, சிலருக்கு இதயம் வீங்கிச் சாகிற நோய். தீட்டிய வெள்ளை அரிசி தின்ற கோழிகளுக்கு அதே மாதிரி கால் துவண்டது, தவிடு கொடுத்தால் தேறியது. தவிட்டில் இருந்தது பின்னாளில் தயமின், அதாவது வைட்டமின் பி1 என்று தெரிந்தது. "வைட்டமின்" என்ற சொல்லையே 1912இல்தான் காசிமிர் ஃபங்க் உண்டாக்கினார். ஐக்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கதையில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் 1918இல் நீலகிரியில், குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஒரே ஒரு அறையில், பெரிபெரி ஆராய்ச்சியைத் தொடங்கினார். அந்த அறைதான் வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. இந்தியர் எதை எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று அட்டவணை போடுகிற இடம்.

சரி, புழுங்கல் எப்படித் தப்பித்தது? நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலும் முளைப்பகுதியிலும் இருக்கும் பி1 தண்ணீரோடு அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. அப்புறம் ஆலையில் தவிட்டை நீக்கினாலும் உள்ளே போனது ஓரளவு தங்கும். நெல் அவித்தவர்கள் பி1ஐ நினைத்து அவிக்கவில்லை, அரிசி உடையாமல் வர வேண்டும் என்றுதான் அவித்தார்கள். அதே சத்து கழுநீரோடும் வடித்த கஞ்சியோடும் போகும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வடிகஞ்சியை மாட்டுக்கு வைத்த வீடுகளில் மாடு நன்றாகவே இருந்தது.

ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் கலந்திருக்கிறதாமே? தண்ணீரில் மிதக்கிறது.

பிளாஸ்டிக் இல்லை. செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவோடு இரும்பு, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 மூன்றையும் கலந்து, இயந்திரத்தில் அழுத்தி, அரிசி வடிவத்திலேயே மணிகளாகச் செய்கிறார்கள். நூறு சாதா அரிசிக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலக்கிறார்கள். மாவில் செய்தது என்பதால் நிறம் கொஞ்சம் மாறியிருக்கும், சில மணிகள் மிதக்கும். களையும்போது "கெட்ட அரிசி" என்று அதை மட்டும் பொறுக்கி எறிகிறவர்கள் உண்டு. எறிவது அந்த மூட்டையிலேயே சத்து அதிகமுள்ள மணியை. மற்ற அரிசியோடு சேர்த்தே வேகும், தனிப் பக்குவம் வேண்டாம். தலசீமியா, அரிவாள் செல் நோய் போல இரும்பைக் கவனமாகக் கையாள வேண்டிய நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கீரை தினமும் சாப்பிட்டும் ஹீமோகுளோபின் 9தான் இருக்கிறது. ஏன்?

பெண்களுக்கு 12க்குக் கீழேயும் ஆண்களுக்கு 13க்குக் கீழேயும் போனால் ரத்தசோகை, கர்ப்பிணிகளுக்கு 11. கீரையில் இரும்பு இருக்கிறது, உடம்பு அதில் கொஞ்சத்தைத்தான் உறிஞ்சும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்தக் கொஞ்சமும் குறையும். எலுமிச்சை பிழிந்தாலோ நெல்லிக்காய் கடித்தாலோ கூடும். ஆனால் 9 என்பது கீரையால் சரிசெய்கிற அளவு இல்லை. மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கா, குடற்புழுவா, மூலமா என்று காரணம் பார்த்து மாத்திரை எடுக்க வேண்டிய அளவு.

இட்லி புரோபயாடிக் உணவா?

உயிரோடு, போதிய அளவில் உள்ளே போய் நன்மை செய்யும் நுண்ணுயிருக்குத்தான் புரோபயாடிக் என்று பெயர். இட்லி மாவைப் புளிக்க வைப்பவை உயிருள்ள பாக்டீரியாக்கள்தான், ஆனால் இட்லிப் பானை ஆவியில் அவை பிழைப்பதில்லை. புளிப்பதால் செரிமானம் எளிதாவது நிஜம். அந்தப் பெயர் மட்டும் பொருந்தாது. தயிர், மோர், பழைய சோற்று நீராகாரம் இவற்றில் உயிரோடு இருக்கும். மோரைக் குழம்பாக்கிக் கொதிக்க விட்டால் அதுவும் போச்சு.

சோடியம் 1,000 மில்லிகிராம் என்றால் உப்பு எவ்வளவு?

2.5 ஆல் பெருக்குங்கள்: இரண்டரை கிராம் உப்பு. ஒரு நாளைக்கே 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம், ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. அப்பளம், கருவாடு, ஊறுகாய் மூன்றையும் ஒரே இலையில் வைத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இந்துப்பும் உப்புதான், அதிலும் சோடியம்தான். அயோடின் சேர்த்திருக்க மாட்டார்கள். "சோடியம் குறைந்த உப்பு" என்பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரக நோயாளிகளும் சில ரத்த அழுத்த மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களும் கேட்காமல் வாங்க வேண்டாம்.

டீடாக்ஸ், சூப்பர் ஃபுட்?

நச்சை வெளியேற்றக் கல்லீரலும் சிறுநீரகமும் சம்பளமில்லாமல் வேலை செய்கின்றன. சூப்பர் ஃபுட் என்பது விற்பனைச் சொல். முருங்கை இலை பொடியாகி, டப்பாவுக்குள் போய், ஆங்கிலப் பெயரோடு வந்தால் அந்தப் பட்டம் கிடைக்கிறது. வேலியோரம் நிற்கும் வரை கிடைப்பதில்லை.

ஓஆர்எஸ் என்பது குளுக்கோஸ் தண்ணீரா?

இல்லை. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு, சர்க்கரைக் கரைசல் அது. வயிற்றுப்போக்கில் உப்பும் தண்ணீரும் சேர்ந்து போகின்றன. குடலில் குளுக்கோஸும் சோடியமும் ஒரே வாசல் வழியாகக் கைகோத்து உள்ளே போகும், தண்ணீர் அவற்றின் பின்னால் போகும். அதற்காகவே ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம், இன்னும் பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும் என்று அளந்து வைத்திருக்கிறார்கள். சர்க்கரை கூடினால் தண்ணீரைக் குடலுக்குள்ளேயே இழுத்து, போக்கை அதிகமாக்கும். கடையில் விற்கும் பழச்சுவைப் பானங்கள் இதற்கு மாற்று இல்லை. ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக் கலக்கினால் அளவு தப்பிவிடும். பாக்கெட் கிடைக்காத ராத்திரியில், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு.

முழு உடல் பரிசோதனையில் இரண்டு எண்கள் தடித்த எழுத்தில் வந்திருக்கின்றன. பயப்பட வேண்டுமா?

பல பரிசோதனைகளுக்கு "இயல்பு வரம்பு" போடும் விதம் இது: ஆரோக்கியமானவர்கள் நிறையப் பேரைச் சோதித்து, நடுவில் விழும் 95 சதவீதத்தினரின் எண்களை வரம்பாக எடுப்பார்கள். அதாவது ஒரு நோயும் இல்லாத நூறு பேரில் ஐந்து பேர் அந்த வரம்புக்கு வெளியே நிற்பார்கள் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுதான் கோடு போடுகிறார்கள். ஒன்றையொன்று சாராத இருபது பரிசோதனைகளை ஒரே நாளில் செய்தால், நல்ல உடம்புக்காரருக்கும் ஒன்றாவது வெளியே போக மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு இருக்கிறது. எழுபது பரிசோதனை சலுகை விலையில் என்று போனால் தடித்த எழுத்து இல்லாமல் வீட்டுக்கு வருவதுதான் அபூர்வம்.

ஆகவே வரம்பை எவ்வளவு தாண்டியிருக்கிறது என்று பாருங்கள். போன வருட அறிக்கையில் அதே வரி என்ன சொன்னது என்று பாருங்கள். சர்க்கரை, கொலஸ்ட்ரால் போன்றவற்றின் கோடு இப்படிப் போட்டதல்ல. எந்த அளவுக்கு மேல் நோய் வருகிறது என்று பார்த்து வைத்தது, அதைச் சாதாரணமாக விட வேண்டாம். மறுபரிசோதனைக்கு முடிந்தவரை அதே ஆய்வகம், அதே காலை வேளை. பழைய அறிக்கைகளைத் தூக்கிப் போடாமல் தேதி வரிசையில் அந்தப் பிளாஸ்டிக் கவரிலேயே வைத்து, கவரோடு கொண்டுவாருங்கள்.